நாற்பத்து மூன்றாவது போல்ட்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே டியோலிண்டா ஃபகுண்டெஸ் ஜாடியை மேசைமேல் கவிழ்த்து எண்ணினாள். நாற்பத்திரண்டு. பக்கத்தில் வேலைச் சீட்டுகளின் கட்டு இருந்தது. அதை எண்ணினாள். நாற்பத்து மூன்று. சீட்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஜாடியில்தான் ஒன்று குறைந்தது.

மறுபடியும் எண்ணினாள். அதே நாற்பத்திரண்டு.

ஹான்ஃபோர்டில் டுவைட் ஹாகன் நடத்தும் துப்பாக்கிக் கடையின் பின்னறையில்தான் அவளுக்கு வேலை. ஒரு மாதமாக ஒரே வேலை. கலிஃபோர்னியாவில் சட்டம் மாறிவிட்டது. குறிப்பிட்ட சில வகை ரைஃபிள்களில், தோட்டா நிரப்பும் மேகஸின் இனிமேல் பொத்தானை அழுத்தினால் கழன்று வரக்கூடாது. துப்பாக்கியையே திறந்து பிரித்தால்தான் வரவேண்டும். அப்படிப் பூட்ட மனமில்லாதவர்கள் படம் பிடித்து அரசாங்கத்தில் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிந்த துப்பாக்கியைச் சொந்தப் பிள்ளைக்குக்கூட விட்டுப்போக முடியாது. அதனால் பாதி ஊர் பூட்டுப் போட வந்து நின்றது. இரண்டையும் செய்யாதவன் ஜூன் முப்பது நள்ளிரவு தாண்டினால் குற்றவாளி. அன்றைக்குத் தேதி ஜூன் முப்பது.

பூட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நகமளவு இரும்பு. அதை வைத்து, அறுகோணத் திருகு சாவியால் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகவேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் போல்ட்டின் தலை டக்கென்று ஒடிந்து சாவியோடு வந்துவிடும். அதற்கப்புறம் எந்தச் சாவிக்கும் அங்கே பிடி கிடையாது. தலை ஒடியாமல் விட்டால், எந்தக் கடையிலும் கிடைக்கிற சின்னச் சாவியால் கழற்றிவிடலாம். சட்டத்தைப் பொறுத்தவரை பூட்டே போடாத கதைதான்.

ஒடிந்த தலைகளைத்தான் டியோலிண்டா ஜாடியில் போட்டு வந்தாள். டுவைட் அதைப் பார்த்துச் சிரிப்பார். அவள் இருபத்தாறு வருஷம் ஃப்ரெஸ்னோவில் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவள். தங்கப் பல்லை அராவினால் விழும் துகளைக்கூட அங்கே விட்டுவைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் கண்ணையும் முதுகையும் கெடுத்துவிட்டு, கூடம் மூடிய பிறகும் அவளை விடவில்லை. ஐம்பத்தேழு வயதில் பல்லைவிட்டுத் துப்பாக்கிக்கு வந்தாள். இரண்டும் ஒன்றுதான், துப்பாக்கி வாயைத் திறந்து கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்வாள்.

காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தாள். கிடைத்தது இரண்டு ஆணி, ஒரு காது வளையம். தூசு உறிஞ்சியின் பையைக் கிழித்துக் கொட்டினாள். செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். டுவைட் வந்து விளக்கைப் போடும்போது அவள் மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தாள்.

"என்ன லிண்டா, பூசையா?"

"ஒண்ணு குறையுது டுவைட்."

டுவைட் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். என்ன குறைகிறது என்று அவர் கேட்கவில்லை. "எந்த நாள்?"

"புதன்கிழமை வரைக்கும் சரியா இருந்தது. புதன் சாயங்காலம் எண்ணினேன். பூட்டு தீர்ந்துபோனதால நேத்து அந்த வேலையே இல்ல. அப்ப வியாழக்கிழமைதான். வியாழன் ஏழு பேர்."

"ஏழு பேர்தானே. போன் போட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. சொரசொரன்னு இருந்தா சரி, வழவழன்னு குழி இருந்தா இங்க கொண்டுவரச் சொல்லு. இதுக்கு ஏன் முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

அவள் ஏழு சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒரு சீட்டை மட்டும் எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள். டுவைட் அதைப் பார்த்துவிட்டார். அடெலினோ ஃபகுண்டெஸ். கோர்க்கொரன் சிறையில் காவலர். டியோலிண்டாவின் தம்பி லினோ.

"நான் வேணா அவனுக்குப் பேசட்டுமா?"

"வேண்டாம். அவன் துப்பாக்கியில தப்பிருக்காது."

அது பொய். அவளுக்கே தெரியும்.

வியாழன் மதியம் லினோ கடைக்குள் வந்து நின்றதை அவள் முதலில் நம்பவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஊரில் இன்னும் மூன்று கடைகள் இருக்கின்றன, கோர்க்கொரனிலேயே ஒன்று இருக்கிறது. இவன் இருபது மைல் ஓட்டிக்கொண்டு இங்கே வந்து, பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்து, "பூட்டுப் போடணும் மேடம்," என்றான். மேடமாம். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. "பேர் சொல்லுங்க சார்," என்று கேட்டுச் சீட்டில் எழுதினாள். ஒரே வயிற்றில் பிறந்தவனிடம் எழுத்துக்கூட்டிப் பெயர் கேட்டாள். அவனும் முகத்தில் சலனமே இல்லாமல் எழுத்துக்கூட்டிச் சொன்னான்.

அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் போல்ட்டை இறுக்கினாள். கடைசிச் சுற்றுக்குச் சாவியை வைத்தபோது அவன், "சீக்கிரம் முடியுமா மேடம், டியூட்டிக்குப் போகணும்," என்றான். கை நின்றுவிட்டது. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டாள். டக்கென்ற சத்தம் கேட்டதா? சனிக்கிழமை காலையில் அவள் எவ்வளவு யோசித்தும் அந்தச் சத்தம் நினைவில் வரவில்லை.

இதில் யாருக்கு என்ன போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். சாதாரணத் தோப்புக்காரன் ஒருவன் மாட்டினால் வக்கீல் வைத்துக்கொள்வான். சிறைக் காவலன்மேல் இப்படி ஒரு வழக்கு வந்தால் மறுநாளே சீருடையைக் கழற்றவேண்டும். லினோவுக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம். பென்ஷன், வீடு, எல்லாம் அதில்தான். பூட்டிய துப்பாக்கிதான் என்று நம்பி, நாளைக்கே எங்காவது சுடப்போய் ஒரு போலீஸ்காரன் கையில் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. தம்பி என்று பாராட்டாவிட்டாலும் போகட்டும், அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டாம்.

ஆனாலும் போனை எடுத்து மற்ற ஆறு பேரைத்தான் கூப்பிட்டாள். வேறு யாருடையதாவது இருந்துவிடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. நான்கு பேர் உடனே எடுத்தார்கள்.

"சொரசொரன்னுதான் இருக்கு, என் மாமியார் குதிகால் மாதிரி," என்றான் வால்நட் தோப்புக்காரன் ஒருவன். அவன் சிரிப்பை முடிப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள். மற்ற மூன்றும் சொரசொரதான். அந்த நால்வரும் தப்பித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டை ஒதுக்கும்போதும் அடியில் செருகிய சீட்டு மேலே நெருங்கியதுதான் மிச்சம்.

ஐந்தாமவர் வெர்னான் ஸ்ட்ரவுட், எண்பது வயது, ஆர்மோனாவில் வீடு. "பொண்ணே, சர்க்கரை வியாதியில என் விரலுக்கு நெருப்பே உறைக்காது, நீ சொரசொரங்கிறே," என்றார். "கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு கண்ணாடி வேணும்."

"நானே வரேன்."

டுவைட் வாசல்வரை வந்தார். "லிண்டா, கோர்க்கொரன் தெற்கே இருக்கு. ஆர்மோனா மேற்கே."

"எனக்குத் திசை தெரியும் டுவைட்."

அன்று வெயில் நூற்றாறு டிகிரி. அவளுடைய பழைய பிக்கப்பில் குளிர்காற்று வருவது முன்னிருக்கையில் ஒரு முழங்காலுக்கு மட்டும்தான். சாலை நெடுக மாட்டுத் தொழுவங்களின் வாடை. அவளும் லினோவும் வளர்ந்தது அப்படி ஒரு தொழுவத்தில்தான். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கறவைக்கு மாடுகளை ஓட்டுவார்கள். அப்பா போர்ச்சுகலின் அசோரெஸ் தீவிலிருந்து வெறுங்கையோடு வந்து, முந்நூறு மாடு சேர்த்து, அந்த மாடுகளுக்கு நடுவிலேயே விழுந்து செத்தார். அப்புறம் அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. லினோ வைத்துக்கொண்டான். டியோலிண்டா ஃப்ரெஸ்னோவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள்.

வெர்னான் கிழவர் துப்பாக்கியைச் சமையல் மேசையில் எடுத்துவைத்து, எலுமிச்சைத் தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தார். அவள் நின்றபடியே விரலால் தடவினாள். சொரசொர.

"உட்காரு பொண்ணே. முகம் சரியில்ல."

"உங்களுது சரியா இருக்கு, வெர்னான்."

"என்னுது சரின்னதும் அழப்போற மாதிரி நிக்கிறியே. வேற யாருது தப்பாயிருக்கணும்?"

அவள் எலுமிச்சைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடினாள்.

ஆறாமவன் டெரிக் ப்ளூம்க்விஸ்ட். போனை எடுக்கவில்லை. பத்து முறை அடித்தாள், பதினோராவது முறை எடுத்தான். குடும்பத்தோடு பிஸ்மோ கடற்கரைக்குப் போகிறானாம். வழியில் மச்சான் பண்ணையில் சுட்டுப் பார்க்கலாம் என்று ரைஃபிளையும் பெட்டியில் பூட்டி வண்டியில் வைத்திருக்கிறான். இப்போது கெட்டில்மன் சிட்டியில் பர்கர் வாங்க நிற்கிறார்கள்.

"அங்கேயே இரு. அசையாதே."

"நாப்பது மைல் இருக்கே? பிள்ளைங்க கடல் கடல்னு உயிரை எடுக்குதுங்க..."

"ஐஸ்கிரீம் வாங்கிக் குடு. நான் காசு தரேன்."

நாற்பத்தொன்றாம் நெடுஞ்சாலையில் அவள் அன்றைக்கு ஓட்டிய வேகத்தைச் சொன்னால் அவள்மேலேயே வழக்கு வரும். பர்கர் கடை வாசலில் நூறு வண்டிகள். அங்கே போய்த் துப்பாக்கியை வெளியே எடுத்தால் அரை நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் தரையில் படுத்துவிடும். அதனால் டெரிக்கின் வண்டியில் பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே குனிந்து, நீச்சல் வளையங்களுக்கும் ஒரு குழந்தையின் ஒட்டும் கால்களுக்கும் இடையில், பெட்டியைத் திறந்து தடவினாள்.

"என்னம்மா தேடுறீங்க?" என்று அந்தக் குழந்தை கேட்டது.

"ஒரு தப்பை," என்றாள் அவள்.

அங்கேயும் இல்லை.

டெரிக் வண்டி கிளம்பிப் போன பிறகும் அவள் அந்த வெயிலில் நின்றாள். மணி மூன்று. அடியில் செருகிய சீட்டு ஒன்றுதான் பாக்கி. நேராக அங்கிருந்து கோர்க்கொரன் போகலாம், முப்பது மைல்தான். அவள் பெட்ரோல் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். டயருக்குக் காற்று பார்த்தாள். பாதி வழியில் வண்டியைத் திருப்பி லெமூர் வரை போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் ஒரு கடையில் தக்காளி வாங்கினாள். இரண்டு முறை லினோவின் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் அணைத்தாள்.

போனவுடன் என்ன சொல்வது? அம்மாவை அடக்கம் செய்த அன்று அவள் சொன்னது ஊருக்கே தெரியும்.

அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து நாலு வருஷம். கடைசி வருஷத்தில் லினோ அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவை டுலேர் பக்கம் ஒரு முதியோர் விடுதியில் கொண்டுவிட்டான். வெளியே போக முடியாதபடி கதவு பூட்டுகிற இடம். நாற்பத்தொரு நாளில் அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்து, ஊர் ஹாலில் எல்லோரும் சோப்பாஸ் சாப்பிட உட்கார்ந்த நேரம். மாட்டிறைச்சிக் குழம்பில் ரொட்டி ஊறிக்கொண்டிருக்க, டியோலிண்டா எழுந்து நின்று சொன்னாள்: "கைதிங்களைப் பூட்டிப் பூட்டி உனக்குக் கை பழகிப்போச்சு லினோ. பெத்தவளையும் பூட்டி வச்சே கொன்னுட்டே." இருநூறு பேர் கரண்டியைக் கீழே வைத்தார்கள். லினோ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே போனான்.

சொன்ன அன்றைக்கு அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாரம் பட்டது. அதற்கப்புறம் படவில்லை, ஆனால் அதைப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. வருஷம் இரண்டு ஓடிவிட்டது.

ஆறரை மணிக்கு அவள் லினோ வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தினாள். ஊருக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டிய வீடு. கார் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் லினோ அடுப்புக்கரி பற்றவைத்து லிங்க்விசா சுட்டுக்கொண்டிருந்தான். பன்றித் தொத்திறைச்சியின் பூண்டு மணம் தெருவரை வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அவன் அப்படியே அப்பாவாகிவிட்டிருந்தான், அதே தொப்பை, அதே குனிந்த தோள்.

"வாங்க மேடம்."

"துப்பாக்கி எங்கே?"

"மேசை மேல."

பெட்டி வெளியே எடுத்தே வைக்கப்பட்டிருந்தது. அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. திறந்தாள். காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். விரலை வைத்தாள். வழவழப்பான வட்டம், நடுவே ஆறு பக்கக் குழி. தலை அப்படியே இருந்தது.

தெரிந்ததுதான். ஆனாலும் விரலை இன்னொருமுறை வைத்துப் பார்த்தாள். பையிலிருந்து சாவியை எடுத்துக் குழியில் வைத்துத் திருகினாள். வியர்வையில் ஒருமுறை வழுக்கியது. மறுபடி வைத்தாள். டக். ஒடிந்த தலையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"என் தப்பு. வியாழக்கிழமை ஒடிக்காம விட்டுட்டேன். இப்ப சரியாயிடுச்சு. இனிமே யாரும் உன்னைக் கேக்க முடியாது. அவ்வளவுதான், நான் வரேன்."

திரும்பியபோதுதான் பார்த்தாள். மேசையின் ஓரத்தில், கடுகுக் குப்பிக்குப் பக்கத்தில், அதே அளவுச் சாவி ஒன்று கிடந்தது.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எதுக்கு வெளிய எடுத்து வச்சிருக்கே?"

லினோ லிங்க்விசாவைத் திருப்பிப் போட்டான். "வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததுமே தடவிப் பார்த்தேன். ஒடியலைன்னு தெரிஞ்சது."

அவள் போட்ட சத்தம் பருத்திக் காட்டுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"தெரிஞ்சா? தெரிஞ்சும் சும்மா இருந்தியா? ஒரு திருகு திருகியிருந்தா முடிஞ்சிருக்குமேடா! காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடாம நாயா அலையறேன்! ஆர்மோனா, கெட்டில்மன், லெமூர்..."

"லெமூர்ல யாரு?"

"யாருமில்ல! தக்காளி!"

"எத்தனை பேருக்கிட்ட கேட்டே?"

"ஆறு பேருக்கிட்ட."

"நான் கடைசியா."

"ஆமா, கடைசி!"

"ஏன்?"

"ஏன்னா உன்னுதுதான்னு எனக்குத் தெரியும்!"

வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி ஜோலீன் கதவைத் திறந்தாள், இருவரையும் பார்த்தாள், மறுபடி மெதுவாகச் சாத்திக்கொண்டாள். கெட்டிக்காரி.

"வேலை போயிருக்கும்டா உனக்கு," என்றாள் டியோலிண்டா. குரல் இறங்கிவிட்டது.

"பதினோரு மணி வரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன். வரலைன்னா நானே ஒடிச்சிருப்பேன். உனக்காகப் பென்ஷனை விடுவேன்னு நினைச்சியா?" அவன் இடுக்கியைத் துடைத்தான். "நீ எண்ணுவேன்னு தெரியும். சின்ன வயசுல கன்னுக்குட்டி எல்லாம் தூங்கினப்புறம் மறுபடி எண்ணிட்டு வருவே. எண்ணினா வந்துதானே ஆகணும். ரெண்டு வருஷமா நீ ஏதாவது ஒரு தப்பு செய்வேன்னு காத்திருக்கேன் டியோ. நீ செய்யவே மாட்டேங்குறே. அதான் கடைக்கே வந்தேன். வந்தும் மேடம்னுதான் வாய் வந்தது."

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது. தோளில் ஒன்று வைத்தாள்கூட. பலமாகத்தான் வைத்தாள்.

"லினோ, அன்னைக்கு ஹால்ல நான் சொன்னது..."

"விடு."

"விட மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அம்மாவைக் குளிப்பாட்டினது நீ. ராத்திரி ரோட்டுல போய்த் தேடினது நீ. நான் ரெண்டு வாரத்துக்கு ஒருநாள் கேக் வாங்கிட்டு வந்து முத்தம் குடுத்துட்டுப் போனவ. தப்பு. பெரிய தப்பு. இதைச் சொல்லத்தான் நாள் முழுக்க உன் வீட்டைத் தவிர ஊரையெல்லாம் சுத்தினேன்."

லினோ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிங்க்விசாவின் ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது. அவன் எடுக்கவில்லை.

"அங்க விட்டுட்டு வந்த அன்னைக்கு," என்றான், "கதவு பூட்டற சத்தம் கேட்டதும் அம்மா கண்ணாடி வழியா என்னைப் பார்த்து ஒண்ணு கேட்டா. 'மகனே, நான் என்ன தப்பு செஞ்சேன்?'னு. கைதிங்க கேக்கற அதே மாதிரி. நான் அதை யாருகிட்டயும் சொல்லல. ஜோலீன்கிட்டகூட. உன்கிட்டதான் சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீ ஹால்ல எழுந்து நின்னுட்டே."

இரண்டு வருஷம் அதை இவன் ஒருவனாகச் சுமந்திருக்கிறான். டியோலிண்டாவோ கல்லை எடுத்து அந்த இடத்திலேயே எறிந்திருக்கிறாள்.

இடுக்கியை அவன் கையிலிருந்து வாங்கி, இறைச்சியைத் தட்டில் எடுத்துப்போட்டாள். கொட்டகையின் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ என்ன பதில் சொன்னே அம்மாகிட்ட?" என்று கேட்டாள். "ஒண்ணையும் விடாதே. எல்லாத்தையும் சொல்லு."

லினோ முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.